மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய மேசைகள் குறித்த வாசகர் கேள்விகளுக்கு மாங்குளத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் அம்மம்மாவின் சாப்பாட்டு மேசை ஒன்று வீட்டில் இருக்கிறது. கால்கள் நான்கும் முறுக்குக் கடைசல். ஒல்லாந்தர் காலத்து மேசை என்று மாமா அடித்துச் சொல்கிறார். போன மாதம் தெற்கிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், "இது வெறும் பழைய சாமான்" என்று சொல்லிக்கொண்டே விலையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். யாரை நம்புவது? மேசையின் படங்களை இத்துடன் அனுப்புகிறேன்.
(மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம், பிள்ளை. மாமாவுக்குப் பெருமை வேண்டும், வியாபாரிக்கு இலாபம் வேண்டும். இரண்டும் வேண்டாதது அந்த மேசை மட்டும்தான். அதையே விசாரியுங்கள்.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658 இல், ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனது 1795 இல். முறுக்குக் கால் 17ஆம் நூற்றாண்டின் மோஸ்தர் என்பதும் உண்மைதான். ஆனால் மோஸ்தர் ஒன்று, வயது வேறொன்று. ஒரு பாணி செத்துப்போன பிறகும் அதைச் செய்யத் தெரிந்த தச்சன் இருப்பான், அதைக் கேட்டு வாங்க ஆளும் இருக்கும். ஆங்கிலேயர் காலத்திலும் முறுக்குக் கால் செய்தார்கள். இன்றும் மொறட்டுவையில் சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். காலைப் பார்த்து வயது சொன்னால் எவரும் சறுக்குவார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹொரஸ் வோல்போல் என்ற ஆங்கிலப் பிரபு முறுக்குக் கடைசல் வைத்த கருங்காலிக் கதிரைகளைத் தேடித் தேடி வாங்கினார். அவை இங்கிலாந்தின் பழைய டியூடர் மன்னர் காலத்தவை என்பது அவருடைய நம்பிக்கை. உண்மையில் அவை சோழமண்டலக் கரையில் எங்கள் பக்கத்துத் தச்சர் செய்தவை. அவரைப் பார்த்து ஊரே அப்படி நம்பியது. உங்கள் மாமா நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார்.

இனி வேலைக்கு வருவோம். நான்கு பேரைப் பிடித்து, நிலத்தில் பழைய போர்வை விரித்து, மேசையைத் தூக்கிக் கவிழ்த்து வையுங்கள். இழுக்க வேண்டாம். ஒரு பக்கம் இழுத்தாலே பழைய கழுந்து (சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு) பொளிக்குள் (அது இறங்கும் குழிக்குள்) முறிந்துவிடும். ஒரு டோர்ச் லைற்றைப் பலகையோடு பலகையாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேரே மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது.

மேல்பலகையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். கையால் சீவிய பலகை ஒருநாளும் கண்ணாடியாக இருக்காது. சீவுளி போன வழியெல்லாம் மெல்லிய பள்ளங்கள் விரலுக்குத் தட்டும். அடுத்து வாள் தழும்பு. வளைந்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது வட்டவாள் அரிந்த பலகை. அப்படியானால் ஒல்லாந்தர் கதையை அந்த இடத்திலேயே முடித்துவிடலாம். நேர்கோடுகள் என்றால் மாமா துள்ளத் தேவையில்லை. ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று மரம் அரிந்த வேலை வன்னியில் எங்கள் அப்பு காலத்திலும் நடந்தது. நேர்கோடு வயதைத் தடுக்காது, நிரூபிக்கவும் செய்யாது.

பிறகு திருகாணி. 1840களுக்கு முற்பட்ட திருகாணிக்குப் பொதுவாகக் கூர்முனை கிடையாது, நுனி மொட்டையாக இருக்கும். தலையில் உள்ள வெட்டும் கையால் அறுத்தது, நடுவை விட்டுச் சற்று விலகிப் போயிருக்கும். சிலுவை வெட்டுத் தலையோ 1930களில் வந்த சங்கதி. உங்கள் படத்தில் உள்சட்டத்தில் ஒரு சிலுவைத் தலை மினுங்குகிறது. அதை வைத்து மேசையைத் தள்ளிவிடாதீர்கள். யாரோ பிற்காலத்தில் திருத்தியிருக்கலாம். அதன் பக்கத்தில் பழைய ஓட்டை ஒன்று அடைபட்டுக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அது திருத்தம். எல்லாத் திருகாணியும் சிலுவைத் தலையாகவும் ஒன்றுக்கும் பழைய ஓட்டை இல்லாமலும் இருந்தால், மாமாவுக்குத் தேநீர் கொடுத்து இருத்திவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த அடையாளம் மர ஆணி. காலும் சட்டமும் சேரும் இடத்தில் பொளிக்குள் கழுந்தை இறக்கிக் குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. கால் சுருங்கச் சுருங்க ஆணியின் தலை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுதான். ஆனால் அதைப் பொய்யாகச் செய்வது கஷ்டம். உங்கள் இரண்டாவது படத்தில் அது தெரிகிறது. கால்களை இணைக்கும் கீழ்ச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் கால் வைத்துத் தேய்ந்திருப்பதும் தெரிகிறது. உங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் தலைமுறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

வட்டவாள் தழும்பு இல்லாவிட்டால் அது 19ஆம் நூற்றாண்டுக் கைவேலை என்று நான் எழுதிக் கொடுப்பேன். அதற்கு மேல் ஏற்றமாட்டேன். வியாபாரி விலையை ஏற்றினாரே, அது அவர் வாயால் சொல்லாததைச் சொன்ன மாதிரி.

கேள்வி: எங்கள் முதிரை மேசை 2009 இல் வளவிலேயே கிடந்தது. மீளக் குடியேறி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, மேசை நின்றது. மேல்பலகையில் ஷெல் துண்டு பட்ட ஓட்டைகள், ஒரு காலில் பிளவு. எல்லாவற்றையும் அடைத்து, மரக்காலையில் இயந்திரத்துக்குக் கொடுத்துச் சீவிப் புதிதாக்கலாம் என்கிறான் மகன். எனக்கு மனமில்லை.
(புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: அண்ணை, முதலில் அந்த இயந்திரத்தைத் தடுத்துவிடுங்கள். நீங்கள் தடுக்காவிட்டாலும் மரக்காலைக்காரர் தடுப்பார். வன்னியில் மரக்காலை வைத்திருப்பவருக்குக் காட்டு யானையை விட இரும்பில்தான் பயம். காட்டில் நிற்கிற பாலை, முதிரை மரங்களிலும் ஷெல் துண்டுகள் இருக்கின்றன. பட்டை மூடி வளர்ந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, வாளின் பல் பறந்த பிறகுதான் தெரியும். பழுதான ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். எந்த மேசை வந்தாலும் அதன் மேல் மெதுவாக நடத்திப் பார்ப்பேன். நூல் ஓரிடத்தில் சரிந்தால் அங்கே வெண்கட்டியால் ஒரு வட்டம். அதன் பிறகுதான் சீவுளி வெளியே வரும். பித்தளையும் அலுமினியமும் காந்தத்துக்கு அகப்படாது, அதற்குக் கண்ணும் ஊசியும்தான்.

இப்படி வந்த மேசை ஒன்றின் மேல்பலகை இன்னும் கண்ணில் நிற்கிறது. துண்டு நுழைந்த இடம் சுண்டுவிரல் நகமளவு, ஓரம் உள்ளுக்குள் அமுங்கியிருந்தது. கவிழ்த்தால் அடியில் உள்ளங்கையளவு மரம் சிலாம்பு சிலாம்பாக எழும்பி நின்றது. வெளியேறாமல் நின்றுவிட்ட துண்டுகளைச் சுற்றி நீலக் கறுப்புக் கறை, மரத்தின் இரேகை வழியாக நீளமாக ஓடியிருந்தது. மரத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருகிற கறை அது. சீவினால் போகாது, ஆழம் வரை இருக்கும். ஒக்சாலிக் அமிலக் கரைசல் பூசினால் வெளுக்கும். அது நஞ்சு, கையுறை வேண்டும், பிள்ளைகள் கிட்ட வரக் கூடாது, பின்னர் நல்ல தண்ணீரில் துடைத்தெடுக்க வேண்டும். இரும்பு உள்ளே இருக்கும் வரை கறை திரும்பவும் வரும்.

ஆகவே துண்டுகளைப் பிரித்துப் பாருங்கள். ஆடுகிறவை, துருவேறிப் பொரிகிறவை, வெளியே நீட்டிக்கொண்டு சட்டையைக் கிழிக்கிறவை, இவற்றை எடுக்கத்தான் வேண்டும். துரு ஊதினால் மரம் பிளக்கும். ஆழத்தில் இறுகிக் கிடப்பதைத் தோண்டாதீர்கள். ஷெல் செய்த ஓட்டையை விட உளி செய்யும் ஓட்டை பெரிதாகப் போகும். துண்டாக இல்லாமல் உருண்டையாகவோ முழுதாகவோ இனம் தெரியாத ஒன்று உள்ளே தென்பட்டால் கை வைக்கவே வேண்டாம், பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

எடுத்த இடத்தை மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது இங்கே எல்லாரும் செய்கிற வேலை. எனக்கு அது பிடிக்காது. ஒரு மாரி, ஒரு கோடை கழிந்தால் அது தனியே சுருங்கி, தனியே கறுத்து, மேசை அம்மைத் தழும்போடு நிற்கும். பழைய முதிரைத் துண்டில் இருந்து ஒட்டு வெட்டிப் பதியுங்கள். ஒட்டு வட்டமாக வேண்டாம், இரு முனையும் கூராக நீண்டதாக, மேசையின் இரேகை போகும் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே வெட்டிய கோடு கண்ணில் குத்தும், சாய்ந்த கோடு இரேகையோடு கலந்துவிடும். காலில் உள்ள பிளவுக்குப் பசை விட்டு, கயிற்றைச் சுற்றி, இடையில் தடியைக் கொடுத்து முறுக்கி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். இரும்புப் பட்டி அடிக்க வேண்டாம். ஏற்கெனவே போதியளவு இரும்பு அதற்குள் இருக்கிறது.

மகன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அடியில் எழும்பி நிற்கும் சிலாம்பு பேரப்பிள்ளைகளின் கையைக் கிழிக்கும். அதை அரத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மேல்பக்கத்து ஓட்டைகளில் எதை மூடுவது, எதை விடுவது என்பது தச்சன் தீர்மானிக்கிற விஷயமல்ல. விற்கப் போனால் விலை குறையும், அதை மறைக்கமாட்டேன். நீங்கள் விற்கப் போவதாக எழுதவில்லையே.

கேள்வி: பழைய வட்ட மேசை ஒன்று வாங்கினேன். அளந்து பார்த்தால் ஒரு பக்கம் 48 அங்குலம், மறுபக்கம் 47½ அங்குலம். ஏமாந்துவிட்டேனா?
(கிளிநொச்சி)

பதில்: இல்லை, தம்பி. உங்களுக்குக் கிடைத்தது நற்சான்றிதழ். முன்னர் சொன்ன அதே கதைதான்: பலகை அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. வட்டமாக வெட்டிய பழைய மேசை காலப்போக்கில் ஒரு நூல், இரண்டு நூலாக (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) ஒடுங்கி நீள்வட்டமாகும். குறைந்த அளவு இரேகைக்குக் குறுக்கே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இரேகையின் போக்கில் குறைந்திருந்தால், வெட்டியவனுக்குக் கை நடுங்கியிருக்கிறது.

பழமை என்று விற்கிற வட்ட மேசை எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவாக இருந்தால் நான் அடியில் குனிந்து ஒட்டுப்பலகையைத் தேடுவேன்.

நம்முடைய காலநிலை இந்த விஷயத்தில் கொடுமையானது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பலகைக்கிடையில் தாள் செருகலாம், மார்கழியில் அதே இடைவெளி காணாமல் போய்விடும். அதனால்தான் தெரிந்த தச்சன் மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஆணி அடிக்கமாட்டான். சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, அதில் நாக்குப் போன்ற சிறு மரக்கட்டைகளைக் கொளுவி, கட்டையை மட்டும் பலகையில் பூட்டுவான். பலகை முன்னும் பின்னும் நகரும், வெடிக்காது. நடுவாலே நீளத்துக்கு வெடித்த மேசையைக் கண்டால் அடியைப் பாருங்கள், அநேகமாக யாரோ அவசரக்காரன் ஆணி அடித்திருப்பான்.

கேள்வி: முதிரை என்று சொல்லி விற்ற மேசை, பலாவாக இருக்குமோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
(வவுனியா)

பதில்: ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். முதிரை ஏறக்குறையத் தண்ணீரின் பாரம், ஒரு கன அடி 60 இறாத்தல் அளவில் வரும். பலா அதில் மூன்றில் இரண்டு பங்குதான். பலா வெட்டும்போது மஞ்சள், வருடம் போகப் போகத் தேன் நிறம் கடந்து செம்பழுப்பாகும். முதிரை பொன்னிறத்தை அவ்வளவு இலேசில் விடாது. வெளிச்சத்துக்குச் சரித்தால் பட்டுச் சேலையின் முந்தானை மாதிரி ஒரு பட்டை மினுங்கும், பக்கத்துப் பட்டை மங்கும். மறுபக்கம் சரித்தால் மாறி மினுங்கும். இரேகை மாறி மாறிப் பின்னியிருப்பதால் வருவது அது. அதே பின்னல்தான் சீவும்போது எங்கள் உயிரை எடுப்பது. ஒரு பட்டைக்கு ஒத்த சீவுளி அடுத்த பட்டையைப் பிய்த்துவிடும். அடியில் மறைவான இடத்தைக் கத்தியால் இலேசாகச் சுரண்டி மணந்து பாருங்கள். பழைய முதிரையிலும் வாசம் இருக்கும். வாசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் கடித்துத் தடிக்கும். இந்தத் தொழிலை அதனாலேயே விட்டுப் போன ஆட்களைத் தெரியும்.

பாலையில் மேசை அபூர்வம். பாரம், வெடிப்பு. அது ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போன மரம்.

ஒரு செய்தி சொல்கிறேன், முதிரை மேசை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஹெப்பிள்வைட், ஷெரட்டன் பாணி என்று மெல்லிய நேரான கால் வைத்த மேசைகள் வந்தன. அதற்கு முந்திய வளைந்த காலும் உருண்டையைப் பற்றிய நகமும் போய், எல்லாம் இலேசாகிவிட்ட காலம். அந்தப் பாணிக்கு ஆசைப்பட்ட மரம் பொன்னிற முதிரை. முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அதே சாயலில் வேறொரு மரம் போனது, பிறகு இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து எங்கள் முதிரை போனது. விலை அதிகம் என்பதால் அங்கே அதைத் தாள் கனத்துக்குத் தகடாக அரிந்து வேறு மரத்தின் மேல் ஒட்டினார்கள். இங்கேயோ முழுப் பலகையாக மேசை செய்தோம், கூரைக்கு வளை வைத்தோம், வண்டிக்கும் போட்டோம். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833 இல் கட்டி முடித்த பாலமே முதிரைதான். 1905 வரை நின்றது.

கேள்வி: மேசையின் அடியில் ஆங்கிலத்தில் சி.ஜி.ஆர். என்று மூன்று எழுத்துப் பொறித்திருக்கிறது. செய்த கம்பனியின் பெயரா?
(புளியங்குளம்)

பதில்: கம்பனியல்ல, ஐயா, 'சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே', அதாவது இலங்கை அரசாங்க ரயில்வேயின் எழுத்து. 'சிலோன்' என்ற பெயர் 1972 இல் போனதால் மேசை பெரும்பாலும் அதற்கு முந்தியது. வடக்குப் பாதை 1905 இல் திறந்தபோது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மேசை வேண்டியிருந்தது. 1990 இல் பாதை துண்டிக்கப்பட்ட பிறகு அந்த மேசைகள் எங்கெங்கே போயின என்பதை வன்னியில் எவரும் உரத்துக் கேட்பதில்லை. 2013 இல் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்துவிட்டது. மேசையும் திரும்பிப் போக வேண்டுமா என்று உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள். எப்படியும் படம் பிடித்து விற்பனை விளம்பரம் போட்டுவிடாதீர்கள்.

வேலை என்ற வகையில் அரசாங்க மேசையை நான் மதிப்பேன். அலங்காரம் கிடையாது, சதுரக் கால், தடித்த பலகை. ஆனால் லாச்சியை வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். புறாவால் பொருத்து, அதாவது புறாவின் வால் போல விரிந்த பற்கள் கோத்த மூலை, கையால் வெட்டியிருந்தால் வால்கள் ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசப்படும், பக்கத்தில் ஊசியால் கீறிய அளவுக்கோடு இன்னும் தெரியும். இயந்திரம் வெட்டியது அச்சடித்த மாதிரி எல்லாம் ஒரே அளவு. கோணாமல் மாணாமல் எல்லாம் ஒன்றாக இருப்பதுதான் பழைய வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். நடப்பது மறுவளம்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் உறவினர் வீட்டில் ஒரு வட்ட மேசை. நடுவில் நட்சத்திரம், அதிலிருந்து கதிர் கதிராக விதம்விதமான நிறத்தில் மரத்துண்டுகள். ஓரமும் காலும் கறுப்பு மரத்தில் கொத்து வேலை. மேல்பலகை ஒரு பக்கம் மடிந்து நிமிர்கிறது. இதுவும் வன்னித் தச்சர் வேலையா?
(முல்லைத்தீவு)

பதில்: படத்தைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன், தங்கச்சி. இது காலிப் பக்கத்து வேலை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலித் தச்சர் ஆங்கிலேய உத்தியோகத்தருக்கும் கப்பலில் வந்து போகும் பயணிகளுக்கும் இந்த வகை மேசைகளைச் செய்தார்கள். இலங்கைத் தீவில் விளையும் மரங்களின் மாதிரிகளை ஒரே மேசையில் காட்டுவதுதான் நோக்கம். பலா, முதிரை, தென்னை, கருங்காலி, புளி, நெதுன், இன்னும் பல. கறுப்பில் பழுப்பு வரி ஓடும் துண்டு ஒன்று தெரிகிறதே, அது கலமந்தராக இருக்கலாம். தெற்கின் மழைக்காட்டு மரம், கருங்காலிக்கு உறவு. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பெரும்பாலும் வெட்டித் தீர்த்துவிட்டார்கள்.

வேலை நம்முடையதல்ல என்று மனம் வாட வேண்டாம். அந்தக் கறுப்பு ஓரத்துக்கு வேண்டிய கருங்காலி எங்கள் பக்கத்து உலர் காடுகளில் விளைகிற மரம்தான்.

இந்த மேசையைப் பொறுத்தவரை எனக்கு ஒரே கவலை தண்ணீர். ஒவ்வொரு மரமும் ஒவ்வோர் அளவில் ஊதிச் சுருங்கும். ஈரத் துணி போட்டால் ஒட்டியவை ஒவ்வொன்றாக எழும்பும், ஏனென்றால் அடியில் இருப்பது வச்சிரம், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசை. ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். எழும்பிய துண்டைப் பிளாஸ்டிக் பசை கொண்டு அமுக்கக் கூடாது. பிறகு எவராலும் அதைப் பிரித்துத் திருத்த முடியாது. விழுந்த துண்டுகளை ஓர் உறையில் போட்டு, எந்தக் கதிர் என்று எழுதி வையுங்கள். ஜன்னல் வெயில் படாத இடத்துக்கு மேசையை மாற்றச் சொல்லுங்கள். அரத்தாளோடு எவராவது கிட்டப் போனால் கதவைப் பூட்டிவிடுங்கள். கொழும்புக்குப் போகும்போது புறக்கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் காலத்து நூதனசாலையையும் எட்டிப் பாருங்கள். இது அந்தக் காலத்து மேசை அல்ல, ஆனாலும் கருங்காலியில் கொத்திய கை எவ்வளவு பழையது என்பது அங்கே விளங்கும்.

கேள்வி: மேசைக் காலடியில் ஒவ்வொரு காலையும் மாவு கொட்டிக் கிடக்கிறது. கழிவு ஒயில் பூசட்டுமா?
(துணுக்காய்)

பதில்: வேலிக் கட்டைக்குப் பூசுங்கள். மேசைக்குப் பூசினால் ஆயுள் முழுக்கக் கறையும் மணமும் போகாது.

கூட்டித் துடைத்துவிட்டு, கறுப்புத் தாள் ஒன்றை அடியில் விரியுங்கள். சில நாளில் புது மாவு, வெளிர் நிறத்தில், தாளில் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் விழாவிட்டால் அது பழைய உளுப்பு, மேசையை ஆட்டியதில் கொட்டியது. உயிரோடு இருந்தால் துளைகளுக்குப் போராக்ஸ் கரைசலை ஊசியால் செலுத்துங்கள், பூச்சு இல்லாத அடிப்பக்கம் முழுவதும் தூரிகையால் தடவுங்கள். மாவு அரைக்கும் இந்த வண்டு மரத்தின் வெளிச்சுற்றில் உள்ள வெள்ளையைத்தான் தின்னும், நடுவில் உள்ள வைரத்துக்குள் போகாது. முதிரை மேசையில் உளுப்பு என்றால், தச்சன் பலகையின் விளிம்பில் வெள்ளையை விட்டு வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

மண் குழாய் ஏறி வந்தால் அது கறையான், வேறு கதை. மேசையை மட்டும் பார்த்துப் பயனில்லை, தரையைப் பாருங்கள். இடப்பெயர்வில் பூட்டிக் கிடந்த வீடுகளில் வெளியே மினுமினுவென்று நின்ற மேசைகள் கை வைத்ததும் உள்ளே போன கதைகள் வன்னியில் வீட்டுக்கு வீடு உண்டு. வாங்கப் போகும்போது காலின் அடிப்பகுதியை விரல் மொழியால் தட்டுங்கள். டொக்கென்றால் வாங்கலாம், பொத்தென்றால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: சூடான தேநீர்க் கோப்பை வைத்து வெள்ளை வளையம் விழுந்துவிட்டது.
(நெடுங்கேணி)

பதில்: வெள்ளை என்றால் ஈரம் பூச்சுக்குள்தான் நிற்கிறது, மரத்துக்குப் போகவில்லை. சலித்த சாம்பலில் இரண்டு துளி எண்ணெய் விட்டுக் குழைத்து, மென்மையான துணியால் இரேகை வழியே தேயுங்கள். கறுப்பு வளையமாக இருந்தால் மரம் வரை போய்விட்டது, அதற்குச் சாம்பல் காணாது.

மேசைக்குத் தேங்காய் எண்ணெய் பூசி மினுக்குகிறவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். அது காய்வதில்லை, தூசியைப் பிடித்து வைத்துக் கறுக்கும். என்ன பூச்சு என்று தெரியாவிட்டால் அடியில் ஓரிடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். ஒட்டினால் அரக்குப் பொலிஷ், பழைய கை வேலை, தேன்மெழுகு மட்டும் போதும். ஒட்டாமல் இருந்தால் பிற்கால வார்னிஷ்.

கேள்வி: தாத்தாவின் எழுத்து மேசையை டொரன்டோவுக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். கப்பலில் போட முடியுமா?
(கனடாவிலிருந்து, சொந்த ஊர் மாங்குளம்)

பதில்: போட முடியும், நேரே துறைமுகத்துக்குக் கொண்டு போக மட்டும் முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது என்று நம்ப இடமுள்ளவை அந்த வகையில் வரும். உங்களுடையது அவ்வளவு பழையதல்ல என்று படம் சொல்கிறது. ஆனால் சுங்கத்தில் நிற்கும் உத்தியோகத்தருக்கு என் கடிதம் செல்லாது. தொல்பொருள் திணைக்களத்துக்குப் படங்களோடு முதலே எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்று. அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடாக்கி வைத்திருப்பீர்கள், காற்று கச்சானை விட வறண்டிருக்கும். வன்னியில் நூறு மாரி கண்ட பலகை முதல் பனிக்காலத்திலேயே வெடிக்கப் பார்க்கும். வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மேல்பலகை ஆணி அடித்திருந்தால், அனுப்புவதற்கு முன்னரே ஆணியைக் கழற்றி மரக்கட்டை கொளுவிக் கொடுங்கள். கால்களைக் கழற்ற வேண்டுமென்று கப்பல் ஏஜன்ட் கேட்டால் சம்மதிக்காதீர்கள். பொளியில் இறக்கிய கால் கழற்றுவதற்குச் செய்ததல்ல.

கேள்வி: எங்கள் மேசை லாச்சி மாரி தொடங்கியதிலிருந்து திறக்கவே இல்லை. உள்ளே காணி உறுதி இருக்கிறது. உடைக்கலாமா?
(மாந்தை)

பதில்: உடைக்க வேண்டாம். மேசைக்குள் ஒரு மின்குமிழை எரிய விட்டு, பின்புறத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். திறந்ததும் ஓரங்களை மெழுகுதிரியால் தேயுங்கள். அப்படியும் அசையாவிட்டால் பின்பலகையின் ஆணிகளைக் கழற்றி உறுதியை அந்த வழியால் எடுங்கள். லாச்சி தை பிறந்ததும் தானாகவே வரும். வராவிட்டால் திரும்ப எழுதுங்கள், காணி யாருடையது என்பதையும் சேர்த்து.